இருபத்து நாலில் ஒன்று

கயானிக்கு வடக்கே மரமேற்றும் களம்.
வரிசையில் ஏழாவது என் லாரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு; எஞ்சினை அணைக்கவில்லை.
ஸ்டியரிங்கின் குறுக்கே பலகையைப் போட்டு
இதே லாரியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்,
இருபத்து நாலில் ஒரு பங்காக.

கணக்கு எளிது.
ஒரு மீட்டர் சக்கரம் நாலு சென்டிமீட்டரும் கொசுறும்.
நான் ஏழு சென்டிமீட்டர்.
ஒரு நாள் என்பது ஒரு மணி நேரம்.
எனக்குக் கிடைப்பதும் அந்த ஒரு மணி நேரம்தான்,
கிரேன் என் முறைக்கு வரும்வரை.

எல்லாமே சுருங்கச் சம்மதிப்பதில்லை.
பசைத்துளி எங்கும் துளிதான்.
பெயின்ட் தன் தடிமனை விட்டுத்தராது:
ஒரு பூச்சு கூடிப்போனால்
கதவின் இடுக்கு தூர்ந்துவிடும்,
கைப்பிடி கட்டி தட்டிவிடும்,
உப்புத்தாளோடு மறுபடி முதலிலிருந்து.
என் முடி ஒன்று கூரைமேல் உதிர்ந்தது.
புயலில் அறுந்த மின்கம்பி.

ரான்டலா கம்பெனியின் பச்சை
எந்த டப்பாவிலும் வருவதில்லை.
பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில்
ஒவ்வொரு கலவையாகப் பூசி
பகல் வெளிச்சம் இருந்த கொஞ்ச நேரத்தில்
கதவோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன்.
கறுப்பில் ஒரு சொட்டு. மஞ்சளில் அரைச் சொட்டு.
எட்டு வாரம்.
பதினோராவது கரண்டி
கதவில் காணாமல் போனது.

கிரேன் ஓட்டும் ஆர்வோ காபியோடு ஏறி வந்து
மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.
“சேறு தப்பு.
நீ பள்ளத்தை ஒட்டியே ஓட்டுகிறவள்,
வலப்பக்கம்தானே அப்பியிருக்கும்?”
இரண்டு பக்கமும் சமமாகத் தெளித்திருந்தேன்,
யாரோ ஒழுங்கானவர் ஓட்டியதுபோல்.
அவன் இறங்கியதும்
இடப்பக்கத்தைத் துடைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் கம்பெனி கைமாறியது.
வாங்கியவர்கள் ஓலுக்காரர்கள்.
மூன்று நாள் பட்டறையில் கிடந்த லாரி
வெள்ளையாகத் திரும்பி வந்தது,
நீல எழுத்தில் வேறொரு பெயரோடு.
சம்பளம் அதே. இருக்கையின் கிழிசல் அதே.
மூன்றாம் கியருக்கு மாறும்போது அதே முனகல்.
டேஷ்போர்டில் மட்டும்
ஒரு பச்சை லாரி
வெள்ளை லாரியில் ஏறிச் சவாரி போனது.

“இனி அது பொய்தானே” என்றான் ஆர்வோ.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
எது என்று சொல்லவில்லை.

ஏப்ரலில், கெமி மரஆலை வாசலில்,
பின்னால் எடுக்கும்போது கம்பம் உரசியது.
இறங்கினேன்.
கதவில் ஒரு சாண் நீளக் கீறல்.
வெள்ளைக்கு அடியில்
பதினோராவது கரண்டி.
கையுறையைக் கழற்றி விரலால் தடவினேன்.
படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்.
‘கம்பம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை ஹேர் ஸ்பிரே வாங்கினேன்.
ஒட்ட வெட்டிய என் தலையைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் மீதி கொடுத்தாள் கடைக்காரி.

இது பழைய தந்திரம்.
பச்சையின் மேல் ஸ்பிரே. காய்ந்ததும் வெள்ளை.
அரை மணி கழித்து
வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த தூரிகையால்
ஓரிடத்தையே வருடிக்கொண்டிருந்தால்
நடுவிலிருப்பது இளகும்,
மேலிருப்பது பிடி நழுவும்.
பிறகு பல்குச்சி.

எட்டு மில்லிமீட்டர் போதும் எனக்கு.
குச்சியை வைத்தேன். கோடு வந்தது.
நிறுத்தியிருக்கலாம்.
கதவின் கீழ்ப்பாதி
பால் ஆடைபோல் சுருண்டு எழுந்து
கூடவே வந்துவிட்டது.

பூசி மறைக்க வெள்ளை மிச்சமிருந்தது.
மூடியைத் திருகி மூடினேன்.

அடுத்த வாரம் ஆர்வோ
நிஜக் கதவையும் இதையும் மாறி மாறிப் பார்த்தான்.
“இவ்வளவு பெரிசா? இது எங்கே இடித்தது?”

“இன்னும் இடிக்கவில்லை” என்றேன்.

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.
பலகையை மடக்கினேன்.